கூம்பா, படலமா?

சென்ற மாதம் வால்வு ரேடியோக்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, பழைய அலுவலக நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், ரேடியோவில் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, அதுவும் போய் சிப் வந்தது. ஆனால் ஸ்பீக்கரைப் பிரித்துப் பார்த்தால் அன்றைக்கும் கூம்பு, காந்தம், கம்பிச் சுருள். இன்றைக்கும் அதேதான். லட்சக்கணக்கில் விலை சொல்கிறானே, அதிலும் அதுதானே இருக்கிறது? அதைவிட நல்லதாக ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவே இல்லையா?" என்றார்.

நியாயமான கேள்வி. கண்டுபிடித்தார்கள், ஒன்றல்ல, நாலைந்து. அவற்றில் ஒன்று 1957-லேயே கடைக்கு வந்துவிட்டது. பாடகரின் குரலையும் வயலினையும் அது தருகிற தெளிவுக்கு அந்தக் காலக் கூம்புகள் கிட்டே நிற்க முடியாது என்று கூம்பு செய்து விற்றவர்களே ஒப்புக்கொண்டார்கள். அப்படியும் இன்றைக்கு உலகத்தில் விற்கிற ஸ்பீக்கர்களில் மிகப் பெரும்பாலானவை கூம்புதான். தோற்றது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. தோற்றது என்ற சொல்லே சரிதானா என்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

நாம் ஸ்பீக்கர் என்பது பெட்டியோடு சேர்த்து. பெட்டிக்குள் உட்கார்ந்து காற்றை உண்மையில் அசைக்கும் உறுப்புக்கு டிரைவர் என்று பெயர். நூறு வருஷத் தகராறு அதைப் பற்றித்தான்.

காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருளை வைத்து அதில் மின்சாரம் செலுத்தினால் சுருள் முன்னும் பின்னும் அசையும் என்று ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் 1874-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதை வைத்துப் பாட்டுக் கேட்கும் எண்ணம் அவருக்கு எப்படி வரும்? கிரஹாம் பெல்லின் டெலிபோனே இரண்டு வருஷம் கழித்துத்தான். 1898-ல் இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் இதை ஒலிக்காகவே அமைத்துக் காட்டினார். அப்போதும் பயனில்லை, மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கிக் கொடுக்க வால்வு இன்னும் பிறக்கவில்லை.

முதலில் காசு பார்த்தவர்கள் கலிபோர்னியாவில் நாபா என்ற சிற்றூரில் இருந்த இரண்டு பேர், டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும். 1915 வாக்கில் இவர்கள் சுருளை ஒரு சவ்வில் பொருத்தி, அதன் முன்னால் கிராமபோன் குழாயை மாட்டினார்கள். அந்தச் சாதனத்துக்கு மேக்னவாக்ஸ் என்று பெயர், லத்தீனில் 'பெருங்குரல்'. 1919-ல் சான் டியாகோவில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சுமார் 50,000 பேர் கூடிய கூட்டத்தில் பேசியது இந்தக் குழாய்களின் வழியாகத்தான். அந்த வகைக் குழாய் நமக்குப் புதிதல்ல. திருவிழா நாட்களில் வேப்ப மரத்தில் கட்டி, விடியற்காலை நாலரைக்கே ஊரை எழுப்பிய குழாய் அந்த வம்சம்தான். சவ்வுக்கும் காற்றுக்கும் இடையே குழாய் ஒரு பாலம் போல வேலை செய்வதால், ஐந்து பத்து வாட்டிலேயே ஊர் முழுக்கக் கேட்கும். ஆனால் கீழ்ச் சுருதி வர வேண்டுமென்றால் குழாய் ஆள் உயரத்துக்கு மேல் நீண்டு, வாய் வாசற்கதவு அளவுக்கு விரிய வேண்டும். சினிமாக் கொட்டகைத் திரைக்குப் பின்னால் வைக்கலாம். வீட்டில்?

வீட்டுக்கான விடையை எழுதியவர்கள் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெலாக் என்ற இரண்டு பொறியாளர்கள். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை. குழாய் இல்லாத ஒலிபெருக்கி என்று 1925-ல் இவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறிய காகிதக் கூம்பு, அதன் அடியில் கம்பிச் சுருள், ஓரத்தில் தளர்வான பிடிப்பு, முன்புறக் காற்றும் பின்புறக் காற்றும் கலந்துவிடாமல் இருக்க ஒரு பலகை. உங்கள் வீட்டு டிவியில் இருப்பதும் இதன் குழந்தைதான்.

இவர்கள் செய்த காரியத்தின் சூட்சுமத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தபலாவைத் தட்டினால் அதற்கென்று ஒரு சுருதி உண்டு அல்லவா? கூம்புக்கும் அப்படி இயல்பான சுருதி உண்டு. அதுவரை செய்தவர்கள் சவ்வை இறுக்கிக் கட்டியதால் அந்தச் சுருதி பாட்டின் நடுவே வந்து உட்கார்ந்து மூக்கால் பேசியது. ரைஸும் கெலாக்கும் பிடிப்பைத் தளர்த்தி அதைப் பாட்டுக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். அதற்கு மேலே போகப் போக, கூம்பு தன் எடையின் காரணமாகக் குறைவாக அசையும். ஆனால் சுருதி ஏற ஏறச் சிறிய கூம்பு காற்றைப் பற்றிக்கொள்ளும் திறன் அதிகமாகும். இங்கே குறைவது அங்கே கூடி, இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்து, ஒலி ஏறக்குறைய மட்டமாக வந்துவிடுகிறது. கூம்பின் எடை ஒரு குறை என்று நினைத்தால், அந்தக் குறையையே கணக்குக்குள் இழுத்து வேலை வாங்கிவிட்டார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

அதற்கு விலையும் இருந்தது. குழாய் ஐந்து வாட்டில் செய்ததைக் கூம்பு செய்ய நிறைய சக்தி வேண்டும். கூம்பு வகை ஸ்பீக்கர் வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் ஒலியாகிறது, மிச்சமெல்லாம் சூடு. அதனால் 1926-ல் ஆர்.சி.ஏ. கம்பெனி இதை ரேடியோலா 104 என்று விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஆம்ப்ளிஃபையரையும் அதே பெட்டிக்குள் வைத்தே விற்க வேண்டியிருந்தது. விலை 250 டாலர். அப்போது ஒரு ஃபோர்டு மாடல் டி காரே 300 டாலருக்குள் கிடைத்தது! நல்ல நிரந்தரக் காந்தமும் மலிவாக இல்லாததால், ஸ்பீக்கருக்குள் ஒரு மின்காந்தம் வைத்து அதற்குத் தனியாக மின்சாரம் கொடுத்தார்கள். பழைய வால்வு செட்டைப் பிரித்தவர்களுக்கு நினைவிருக்கலாம்: ஸ்பீக்கரின் ஃபீல்டு காயிலே பவர் சப்ளையின் சோக்காகவும் வேலை செய்யும், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டால் செட்டே பேசாது.

இனி எதிர்க்கட்சி. கூம்பில் தள்ளுகிற விசை அடியில் சுருள் இருக்கும் இடத்தில் மட்டும் விழுகிறது. மீதிக் கூம்பு அந்தத் தள்ளலைக் கேட்டு நடக்க வேண்டும். சுருதி உயர உயர, நடுப்பகுதி ஒரு பக்கம் போக ஓரம் வேறு பக்கம் போகும். கூம்பு மடிந்து நெளிந்து தன் சொந்தக் குரலைக் கலக்கும். இதற்குப் பதிலாக, சவ்வு முழுவதையும் ஒரே சமயத்தில், எல்லாப் புள்ளியிலும் தள்ள முடிந்தால்?

முடியும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்த விளையாட்டை மறந்திருக்க மாட்டோம். அதே நிலைமின் விசைதான். துளைகள் உள்ள இரண்டு தட்டுகளுக்கு நடுவே மிக மெல்லிய படலம் ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் சில ஆயிரம் வோல்ட் மின்னூட்டம் ஏற்றி வைக்க வேண்டும். பாட்டின் மின்னழுத்தத்தை இரண்டு தட்டுகளிலும் எதிரெதிராகக் கொடுத்தால், படலம் முழுவதும் ஒன்றாக முன்னும் பின்னும் போகும். காந்தம் இல்லை, சுருள் இல்லை, பெட்டியும் தேவையில்லை.

வேடிக்கை என்னவென்றால், கூம்பை உலகத்துக்குக் கொடுத்த அதே கெலாக், 1929-ல் நிலைமின் ஒலிபெருக்கிக்கும் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1934-ல் பெற்றார். தன் குழந்தையின் குறை தாய்க்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்குத் தகுந்த படலம் இல்லை. மெல்லியதாக, அதே சமயம் உறுதியாக, ஈரத்துக்கு நெகிழாமல் இருக்கும் பிளாஸ்டிக் தாள் இரண்டாம் உலகப் போரை ஒட்டியே பரவலாகக் கிடைத்தது. பழைய அமைப்புகளில் இன்னொரு தொல்லை: படலம் தட்டை நெருங்க நெருங்க இழுவிசை தாறுமாறாக ஏறி ஒலி திரிந்துவிடும்.

இடையில் மூன்றாவது ஒரு வழியும் வந்தது. ஜெர்மனியில் ஷாட்கியும் கெர்லாக்கும் 1924-ல் காந்தத்தின் நடுவே ஒரு மெல்லிய அலுமினிய ரிப்பனைத் தொங்கவிட்டு, அதிலேயே மின்சாரத்தைச் செலுத்தினார்கள். சுருளும் அதுவே, சவ்வும் அதுவே. மேல் ஸ்தாயிக்கு அற்புதம். கீழே போனால் கிழிந்துவிடும். இன்றுவரை அது மேல் சுருதிக்கான டிரைவராகத்தான் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது.

இப்போது கதாநாயகன். பீட்டர் வாக்கர் 1916-ல் பிறந்த ஆங்கிலேயர், ஓய்வு நேரத்தில் புல்லாங்குழல் வாசிப்பவர். இருபது வயதில், 1936-ல், லண்டனில் கூட்டங்களுக்கான ஒலிபெருக்கி சாதனங்கள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். போரில் குண்டு விழுந்து இடம் போனதும் ஹன்டிங்டன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். குவாட் என்ற பெயரில் அவர் செய்த ஆம்ப்ளிஃபையர்கள் வீட்டில் இசை கேட்போரிடம் நல்ல பெயர் வாங்கின. 1949-ல் அவர் வெளியிட்ட ஸ்பீக்கரில் கீழ்ச் சுருதிக்குக் கூம்பு, மேல் சுருதிக்கு ரிப்பன். அதாவது அப்போதே கூம்பில் அவருக்கு முழுத் திருப்தி இல்லை.

அவருக்கு ஒரு நண்பர் இருந்தார், கில்பர்ட் பிரிக்ஸ். வார்ஃப்டேல் ஸ்பீக்கர் கம்பெனியை 1932-ல் தொடங்கியவர், கூம்பு வித்தையில் கரைகண்டவர், ஒலிபெருக்கி பற்றிப் பாமரருக்கும் புரியும்படி புத்தகங்கள் எழுதியவர். 1954-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் இருவரும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். மேடையில் கலைஞர்கள் நேரில் வாசிப்பதும் பதிவு செய்த இசையும் மாறி மாறி வரும். சபையோர் ஒப்பிட்டுக் கொள்ளலாம். பிரிக்ஸின் கூம்புகள், வாக்கரின் ஆம்ப்ளிஃபையர்கள். ஏறத்தாழ மூவாயிரம் பேர் உட்காரும் மண்டபம். அடுத்த வருஷம் நியூயார்க் கார்னகி ஹாலிலும் நடத்தினார்கள்.

அதே 1955-ல்தான் வாக்கர் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில், முழு ஸ்தாயிக்குமான நிலைமின் ஒலிபெருக்கி சாத்தியம் என்று தொடர்கட்டுரை எழுதினார். ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரெடெரிக் ஹன்ட் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட நூலில் ஒரு வழி இருந்தது: படலத்தின் மேல் பூசும் பூச்சு, மின்னூட்டம் எளிதில் நகர முடியாதபடி மிக அதிகத் தடை உள்ளதாக இருக்க வேண்டும். அப்படியானால் படலம் எங்கே நின்றாலும் மின்னூட்டம் மாறாது, விசையும் திரியாது. பழைய நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. வாக்கரோடு இந்த வேலையில் கைகோத்தவர் டி.டி.என். வில்லியம்சன். 1947-ல் வெளிவந்து உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் வீட்டிலேயே கட்டிப் பார்த்த 'வில்லியம்சன் ஆம்ப்ளிஃபையர்' அவருடையது. நம் ஊரில் சாலிடரிங் இரும்பு பிடித்த பெரியவர்களுக்கும் அந்தப் பெயர் பழக்கம்.

1957-ல் குவாட் இ.எஸ்.எல். விற்பனைக்கு வந்தது. மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், இரண்டரை அடிக்கு மேல் உயரம், தட்டையாக, லேசாக வளைந்து, சின்ன மரக்கால்களில் நிற்கும். குளிர் நாட்டார் வீட்டில் வைக்கும் மின்சாரக் கணப்பு போல இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். உள்ளே நடுவில் மேல் சுருதிக்கான பட்டை, இருபக்கமும் கீழ்ச் சுருதிக்கான பெரிய பலகங்கள். கீழ்ச் சுருதிப் பலகத்தில் சுமார் 6,000 வோல்ட், மேல் சுருதிக்கு 1,500.

இதன் மேன்மை என்ன என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமனான பாலியஸ்டர் படலம் ஒரு சதுர மீட்டருக்கு 14 கிராம் இருக்கும். ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ. ஆக, அந்தப் படலத்தின் எடை அதன் முன்னால் இருக்கும் ஒன்றேகால் சென்டிமீட்டர் காற்றின் எடைதான்! எட்டு அங்குலக் கூம்பும் சுருளும் சேர்ந்து 15, 20 கிராம். ஆனால் அதன் பரப்பு ஒரு சதுர மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அதையும் சதுர மீட்டர் கணக்குக்குக் கொண்டுவந்தால் முக்கால் கிலோவைத் தாண்டும். ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். சுருதி நின்றதும் படலம் நின்றுவிடும். கூம்பு இன்னும் கொஞ்சம் ஆடும். அடுத்தடுத்து விழும் சுரங்களுக்கு நடுவே இருக்கும் மௌனம் இ.எஸ்.எல்.லில் சுத்தமாகக் கேட்கும் என்று பாராட்டியவர்கள் சொன்னதன் பொருள் இதுதான்.

சரி, பிறகு என்ன குறை?

கீழ்ச் சுருதிதான் முதல் குறை. ஒரே உரத்தோடு ஒரு ஸ்தாயி கீழே போக வேண்டுமானால் சவ்வின் அசைவு நான்கு மடங்காக வேண்டும். இரண்டு ஸ்தாயிக்குப் பதினாறு மடங்கு. கூம்புக்கு ஒரு சென்டிமீட்டர் போய்வருவது சிரமமே இல்லை. படலத்துக்கோ தட்டுக்கும் தனக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடம். இடைவெளியைக் கூட்டினால் விசை போய்விடும், ஆயிரக்கணக்கில் வோல்ட் ஏற்ற வேண்டும், அப்புறம் பொறி பறக்கும். போதாததற்குப் பெட்டி இல்லாததால் பின்பக்க ஒலி சுற்றி வந்து முன்பக்கத்துக் கீழ்ச் சுருதியைத் தின்றுவிடுகிறது. சுவரை ஒட்டி வைக்கவும் கூடாது. அறைக்குள் நன்றாக முன்னால் இழுத்து வைக்க வேண்டும். ஆர்கனின் பெரிய குழாயையும் நம் தவிலையும் இதனிடம் கேட்கக் கூடாது.

இரண்டாவது குறை எனக்கு இன்னும் சுவாரசியமானது. ஆம்ப்ளிஃபையரின் கண்ணுக்கு இது ஸ்பீக்கரே அல்ல, ஒரு பெரிய கன்டென்ஸர். கீழ்ச் சுருதியில் முப்பது ஓமுக்கு மேல் காட்டும் இ.எஸ்.எல்., மேலே காது எட்டும் எல்லைக்கு அருகில் இரண்டு ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். வாக்கரின் சொந்த 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர் குவாட் II இதைப் பொறுமையாகச் சுமந்தது. பின்னால் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் பலவும் இந்தச் சுமையைப் பார்த்துத் தடுமாறின. அவர் 1967-ல் கொண்டுவந்த குவாட் 303, இ.எஸ்.எல்.லையும் மனதில் வைத்தே செய்யப்பட்டது. இன்னொரு பக்கம், அதிக வாட் கொடுத்தாலும் ஆபத்து. 33 வோல்ட் உச்சத்தைத் தாண்டினால் மேல் சுருதிப் பலகம் பொறி பறந்து கெட்டுவிடும். இளைஞர்கள் ராக் இசையை உரக்க வைத்துக் கேட்கத் தொடங்கிய அறுபதுகளில் எத்தனை பலகங்கள் இப்படி உயிர்விட்டிருக்குமோ!

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் ஒருவர் நேர் எதிர் முடிவு எடுத்திருந்தார். எட்கர் வில்சர், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் வகுப்பு எடுத்தவர். கூம்பில் இருக்கும் கோளாறு கூம்பு அல்ல, அதைப் பிடித்திருக்கும் விறைப்பான பிடிப்புதான் என்பது அவர் கட்சி. பிடிப்பை நன்றாகத் தளர்த்திவிட்டு, காற்றுப் புகாத சிறு பெட்டியில் அடைத்தால், உள்ளே சிறைப்பட்ட காற்றே வில் போலக் கூம்பைத் திரும்பத் தள்ளும். துணியையும் காகிதத்தையும்விடக் காற்று ஒழுங்கான வில். தம் மாணவர் ஹென்றி குளோஸுடன் சேர்ந்து 1954-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கி, ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அதுவரை அலமாரி அளவுப் பெட்டியில் மட்டும் கிடைத்த கீழ்ச் சுருதி, தூக்கி மேசையில் வைக்கும் பெட்டியிலிருந்து வந்தது. வில்சர் பிடிவாதக்காரர் அல்ல: கீழ்ச் சுருதிப் பெட்டியை மட்டும் தனியாக விற்றபோது, மேல் சுருதிக்கு ஆர்தர் ஜான்சனின் நிலைமின் டிரைவரைப் பலரும் அதன் மேல் வைத்துக் கேட்டார்கள். பிறகு 1958-ல் ஏ.ஆர்.-3-ல் கூம்புக்குப் பதில் சிறு குமிழ் போன்ற டிரைவரை மேல் சுருதிக்கு வைத்தார். இன்று நாம் பார்க்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களில் மேலே இருக்கும் அந்தக் குமிழ் அங்கிருந்து வந்ததுதான்.

அந்த 1958 முக்கியமான வருஷம். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது அப்போதுதான். ஒன்று போதாது, இனி இரண்டு ஸ்பீக்கர். இரண்டு சிறு பெட்டிகளைப் புத்தக அலமாரியில் ஏற்றிவிடலாம். இரண்டு கணப்புப் பலகைகளை ஹாலின் நடுவே நிறுத்துவதற்கு வீட்டம்மாவின் சம்மதம் வேண்டும். தொழில்நுட்பத் தேர்வு என்று பொறியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்களே, அதில் பாதி இந்த இடத்தில்தான் முடிவாகியிருக்கும் என்பது என் கணிப்பு.

மீதிப் பாதியை முடிவு செய்தது பி.பி.சி. என்று சொல்லலாம். ஒரு வானொலி நிலையத்துக்கு ஒன்று நன்றாக இருந்தால் போதாது. பத்து ஸ்டூடியோவிலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஒன்று கெட்டால் மாற்றி வைப்பதும் அதே மாதிரி இருக்க வேண்டும். காகிதக் கூழில் செய்த கூம்பு ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஈரப்பதம் மாறினால் அதுவும் மாறும். ஆகவே பி.பி.சி. பொறியாளர்கள் அறுபதுகளில் பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சில் இழுத்துக் கூம்பு செய்தார்கள். ஒன்றுபோல் வந்தது, ஆனால் கனம் அதிகம், மேலே ஒரு பசைப்பூச்சும் பூச வேண்டியிருந்தது. பிறகு அங்கேயே இருந்த டட்லி ஹார்வுட் பாலிப்ரோப்பிலீன் பக்கம் திரும்பினார். நம் வீட்டு பிளாஸ்டிக் டப்பா வகைதான்! அது இலேசானது, அதிர்வைத் தானே அடக்கிக்கொள்ளும். ஒரே சங்கடம், எந்தப் பசையும் அதில் எளிதில் ஒட்டாது. சுருளை எப்படி ஒட்டுவது என்று கண்டுபிடிக்கவே தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது. ஹார்வுட் 1977-ல் ஹார்பெத் கம்பெனியைத் தொடங்கினார். அவர் சகாவான ஸ்பென்சர் ஹியூஸ் அதற்கு முன்பே 1969-ல் ஸ்பெண்டார் தொடங்கியிருந்தார். தம் பெயரையும் மனைவி டாரதியின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். வெளியிடப் பதிவு வேன்களுக்காக பி.பி.சி. செய்த எல்.எஸ்.3/5ஏ என்ற குட்டிப் பெட்டியில் இருந்ததும் பெக்ஸ்ட்ரீன் கூம்புதான். ரேமண்ட் குக் 1961-ல் தொடங்கிய கே.இ.எஃப். கம்பெனி செய்து கொடுத்தது. ஷூ டப்பாவைவிடச் சற்றே பெரிய அந்தப் பெட்டிக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க அடியார் கூட்டம் உண்டு.

கவனியுங்கள், கூம்பு ஜெயித்தது கூம்பாகவே நின்று அல்ல. படலத்தைப் பார்த்துப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டே வந்தது. எடை குறைய வேண்டும், விறைப்பு கூட வேண்டும், சொந்தக் குரல் வரக் கூடாது. இந்த மூன்றுக்காக பிளாஸ்டிக், கெவ்லார், 1974-ல் யமஹா என்.எஸ்.-1000-ல் பெரிலியம், பிறகு பி அண்டு டபிள்யூ கம்பெனியின் செயற்கை வைரக் குமிழ் வரை போய்விட்டார்கள். நண்பர் கேட்ட லட்சக்கணக்கு விலையில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. அமெரிக்காவில் டால்க்விஸ்ட் டி.க்யூ.-10 என்ற ஸ்பீக்கர் உள்ளே முழுக்கச் சாதாரண டிரைவர்களை வைத்துக்கொண்டு, வெளித்தோற்றத்தில் குவாட் பலகையைப் போலவே வந்தது என்றால் பாருங்களேன்.

எழுபதுகளின் நடுவில் மார்க் லெவின்சன் என்பவர், தேர்ந்தெடுப்பதே வேண்டாம் என்று முடிவு செய்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் 24 அங்குல ஹார்ட்லி கூம்பு ஒன்று கீழ்ச் சுருதிக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குவாட் பலகைகள் நடுச் சுருதிக்கு, டெக்கா ரிப்பன் மேல் சுருதிக்கு. மூன்று பெயர்களின் முதலெழுத்தையும் சேர்த்து ஹெச்.க்யூ.டி. என்று பெயர். யார் வீட்டுக் கூடத்தில் இது அடங்கும் என்று கேட்காதீர்கள். ஆனால் எந்த டிரைவர் எந்தச் சுருதிக்கு உகந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நான் பார்த்ததில்லை.

வாக்கர் மட்டும் தன் கட்சியை விடவில்லை. 1963-ல் அடுத்த மாடலைத் தொடங்கினார். பெரிய படலம் மேல் சுருதியை டார்ச் வெளிச்சம் போல ஒரே திசையில் அடிக்கிறது, நடு நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் இசை என்ற புகாரைத் தீர்க்க வேண்டும். தட்டுகளை வளையம் வளையமாகப் பிரித்து, குளத்தில் கல் விழுந்த அலை போல, நடு வளையத்துக்கு முதலில், அடுத்தடுத்த வளையத்துக்குக் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாக மின்சாரத்தை அனுப்பினார். படலம் தட்டையாகவே இருக்கும். ஒலியோ அதற்கு ஓரடி பின்னால் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருவது போல் வரும். பொறி பறப்பதைத் தடுக்கப் பாதுகாப்புச் சுற்றும் வைத்தார். தொடங்கிய வருஷத்தையே பெயரில் தாங்கிய இ.எஸ்.எல்.-63 கடைக்கு வந்தது 1981-ல். பதினெட்டு வருஷம்! பெரிய கம்பெனியாக இருந்தால் கணக்குப் பிள்ளைகள் ஐந்தாம் வருஷமே கோப்பை மூடியிருப்பார்கள்.

இப்போது யாராவது என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்டால், நான் டிரைவரைப் பற்றிப் பேசுவதில்லை. அறையின் நீள அகலம் என்ன, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைக்க இடம் உண்டா, தனியாகக் கேட்பீர்களா, குடும்பத்தோடா, கேட்பது குரலா, தாள வாத்தியமா, கையில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் எது என்று கேட்பேன். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சோபாவுக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறவருக்கு, நல்ல கூம்பு போட்ட சிறு பெட்டிதான். கடலோர ஊரின் ஈரக் காற்றிலும் தூசியிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிய படலத்தைப் பராமரிப்பது கோயில் யானையைப் பராமரிப்பது மாதிரி. ஆனால் விசாலமான கூடம், தனிமை, இரவு நேரம், மிதமான உரத்தில் குரலிசை என்றிருப்பவருக்கு வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வராது.

முதல் இ.எஸ்.எல்.லின் தயாரிப்பு 1985-ல் நின்றது. இருபத்தெட்டு வருஷம் பெரிய மாற்றமில்லாமல் ஓடிய மாடல். வாக்கர் 2003-ல் காலமானார். படலம் தொய்ந்துபோன பழைய ஜோடிகளை இன்றும் ஐரோப்பாவில் வாங்கி, புதுப் படலம் இழுத்துக் கட்டி, தூசி மறைப்பு மாற்றி, மறுபடி 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையரோடு இணைத்துக் கேட்கிறார்கள்.